ஓதம் ஏறும் இடம்வரை

அப்பா விட்டுப்போன பத்திரத்தில்
தீவு நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர்.
அளக்க வந்தவன் சொன்னான்:
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

பதினான்கு ஏக்கரை யாரும் திருடவில்லை.
ஆள் உயர டஸ்ஸாக் புல்லை
நாங்கள்தான் ஆடுகளுக்குத் தின்னக் கொடுத்தோம்,
வேர்க்கழுத்து வரை.
பிறகு ஃபாக்லாந்துக் காற்று
கறுத்த பீட் மண்ணை வாரிக் கடலில் போட்டது.
எல்லை எதுவென்றால் பத்திரம் சொல்கிறது
'ஓதம் ஏறும் இடம்வரை.'
ஓதம் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

விற்றுவிடலாம் என்றான் அண்ணன் ரோட்ரிக்.
என் பாதியைத் தரமாட்டேன் என்றேன்.
எது உன் பாதி?
கரைகிற பாதி.
கோபத்தில் சொன்னது.
வக்கீல் எழுதிக்கொண்டார்.

ஆடுகளைப் படகேற்றினோம்.
ஜூலைக் குளிரில்
நானும் ஓஸ்வால்டோவும் தென்மேற்குச் சரிவில் மண்டியிட்டோம்.
நாற்று, பக்கத்துத் திட்டுக்காரர்
டிரெல் பிகானுடையது.
அவர் திட்டில் ஆடு கால்வைத்ததே இல்லை.
'வேண்டியதைப் பிடுங்கிக்கொள்.
ரசீது கிசீது வேண்டாம்,
ஒரு மூட்டை உருளைக்கிழங்கு போதும்.'

கொத்தைப் பிரித்து, தலையை நறுக்கி,
எட்டுக்கு ஒன்றாக ஊன்றினோம்.
விரல் மரத்து எண்ணிக்கை இரண்டு முறை தவறியது.
ஆயிரத்து நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
பின்னாலேயே ஒரு காரகாரா நடந்து வந்தது,
பருந்தின் அலகு, காக்கையின் புத்தி.
ஒவ்வொன்றாகப் பிடுங்கி
அடியில் என்னவென்று பார்த்து
கீழே போட்டது.
ஓஸ்வால்டோ சிரித்தான்.
நான் ஒரு பூட்ஸைக் கழற்றி எறிந்தேன்.
அதையும் புரட்டிப் பார்த்தது.

மறுபடி ஊன்றினோம். வாத்துகள் மேய்ந்தன.
மறுபடி.

ஐந்தாம் வருடம் இடுப்புயரம்.
புல்லடியில் ஒரு பென்குவின் வளை தோண்டியிருந்தது,
என்னிடம் கேட்காமல்.

அந்தக் கோடையில் டிரெல்லின் திட்டு எரிந்தது.
யாரோ இறங்கித் தேநீர் போட்ட அடுப்பு.
மேலே அணைந்தும் மண்ணுக்குள் நெருப்பு
நான்கு மாதம் ஊர்ந்தது.

குளிர் வந்ததும் அவர் படகு வந்தது.
தோளில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.
இறக்கிவைத்து, மூச்சு வாங்கி,
சரிவைப் பார்த்தபடி கேட்டார்:
'இதில் எது என்னுடையது?'

காட்டத் தெரியவில்லை எனக்கு.
மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது,
அதை அவரிடம் கொடுத்தேன்.