நான்கு விநாடி

இருபத்து மூவாயிரம் அடி உயரத்தில்
எட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம்.
கீழே இண்டியானா.
சோளக்காட்டை யாரோ அளவுகோல் வைத்துக்
கட்டம் கட்டமாகக் கீறிய மாதிரி.
விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு கம்பம் இறங்கும்,
இரண்டு மாடி நீளத்துக்கு.
அதன் வழியே
ஆறு மாநிலங்களுக்குப் பாடம் நடத்தினோம்.
நாங்கள் என்றால் நாங்களில்லை.
டேப் நடத்தியது. நான் அதைச் சுழலவிட்டேன்.

என் பெயர் லோவெல் கிரீஸ்மர்.
கல்லூரி வாசல் மிதிக்காதவன்,
கடற்படையில் ரேடார் பழகியவன்.
அறுபத்திரண்டாம் வருஷம் எனக்கு வாய்த்தது
இரண்டு டேப் எந்திரம், ஒரு ஃபிளாஸ்க் காபி,
காதை அடைக்கும் இரைச்சல்.
ஒன்பதுக்குக் கணக்கு.
ஒன்பதரைக்குத் தவளையின் இதயம்.
பத்துக்கு ஸ்பானிஷ்.

ஸ்பானிஷ் டீச்சர் கறுப்பு வெள்ளையில் சிரிப்பாள்.
ஜன்னலைக் காட்டி "வெந்தானா" என்பாள்.
"எங்கே, எல்லோரும் சொல்லுங்கள்."
அப்புறம் தலையைக் கொஞ்சம் சாய்த்து
நான்கு விநாடி காத்திருப்பாள்.
"பிரமாதம்" என்பாள்.

அந்த நான்கு விநாடிதான் என்னைப் படுத்தியது.
சொன்னார்களா, பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்களா,
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
எங்கள் கம்பத்துக்கு வாய் உண்டு, செவி கிடையாது.
சும்மா இருக்க மனம் வராமல்
நானே சொல்லிவைத்தேன்,
எஞ்சின் சத்தத்துக்கு மேல்:
வெந்தானா.
பிரமாதம் என்றாள்.
முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக
ஒரு டீச்சர் என்னை அப்படிச் சொன்னாள்.

மழை மாதிரி, என்றார்கள் அலுவலகத்தில்,
பேதம் பார்க்காமல் விழும் பாடம்.
விழுந்தது, உண்மைதான்.
மாட்டுக் கொட்டகை மேல் விழுந்தது.
சவக்கிடங்கு மேல் விழுந்தது.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
கறுப்புப் பிள்ளைகள் படித்த பள்ளியின் தகரத்திலும் விழுந்தது.
அங்கே ஆன்டெனாவுக்குக் காசு ஒதுக்கவில்லை.
ஏந்தப் பாத்திரமில்லாத வீட்டில்
எத்தனை பெய்து என்ன.
தலைமையாசிரியர் டெல்ஃபோர்ட் மேஸ்
மூன்று கடிதம் எழுதினார்.
மூன்றும் ஒரே கோப்பில் இருந்தன.
நான் பார்த்தேன்.
பார்த்தேன் என்பதைத் தவிர
சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் இறக்கையில் பனி உறைந்து
விமானம் தரையில் கிடந்த வாரம்
பெட்டி ரிப்பேருக்கு என்னை அனுப்பினார்கள்.
நான்காம் வகுப்பு.
டீச்சர் ஆர்ஃபா ஷ்வார்ட்ஸ் வரவேற்ற தோரணையில்
அந்தப் பனி ஏப்ரல் வரை உறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது.
பெட்டியின் முதுகைத் திறந்தேன்.
ஒரு வால்வு கருகியிருந்தது.
அடியில், யாரோ செருகிய பாதி ஆப்பிள்.

நுஸ்பாம் வீட்டுப் பெண், ஆர்டித்,
திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.
"நாங்க சொல்றது மேல கேக்குமா?"
கேட்காது.
"அப்ப அவங்க எதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க?"
நீங்கள் சொல்லத்தான்.
"நாங்க சொல்றதே இல்லையே."
வகுப்பு கொல்லென்று சிரித்தது.
டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்;
அவள் தோளும் குலுங்கியது.
"அந்த நேரத்துல அவங்க கண்ணைச் சிமிட்டுறாங்களான்னு பாப்போம்.
ஒரு பென்சில் பந்தயம்.
சிமிட்டவே மாட்டாங்க.
இந்த வருஷம் ரெண்டே தடவை."

நான் வால்வை மாற்றினேன்.
ஆப்பிளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மார்ச் ஐந்தாம் தேதி மறுபடி மேலே.
கம்பம் இறங்கியது.
கணக்கு. தவளை. பத்து மணி.
ஒரு வார்த்தை, தலை சாய்ப்பு,
அப்புறம் அந்த வெறும் இரைச்சல்.
வாய் திறக்கவில்லை நான்.
திரைக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்
ஒன்று, இரண்டு, எண்ணினேன்,

மூன்றில் சிமிட்டினாள்.

கீழே எங்கேயோ
ஒருவன் கை மாறியிருக்கும் ஒரு பென்சில்.