ஓல்டன் நிலையத்துப் படப்பெட்டி

குளியலறை வடிகாலில்
காலைக்கொரு கறுத்த எலிக்குஞ்சு.
காகிதத்தால் பிடித்தெறிவேன்
மகள் எழும்ப முன்.

டொக்டர் ஏக்லி
தலையைப் பார்க்கவேயில்லை.
மாதவிலக்குத் திகதி கேட்டார்,
தூக்கம் கேட்டார்,
தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்றார்.
மூன்று என்றேன்.
பொய். நாலு.

பிறகு
வெறுந்தேத்தண்ணி,
பருப்பும் கீரையும், மேலே தேசிக்காய்ப் புளி,
இரவு வேலையை விட்டதில்
குறைந்த நானூறு பிராங்க்.
ஆரே ஆற்றோரம் நடை;
ஆறு என்னைவிட வேகம்.

நாலு மாதமும்
எலி வந்துகொண்டுதான் இருந்தது.
சீப்பைக் கவிழ்த்து வைத்துப் படுத்தேன்.

இன்று ரயில் அட்டைக்குப் படம்.
நெற்றியோரம்
அரை விரல் நீளத்தில் படியாத மயிர்கள்
வெளிச்சத்துக்கு எழும்பி நிற்கின்றன.
எச்சில் தொட்டு அமத்தப் போன விரலை
எடுத்துக்கொண்டேன்.

அட்டை எத்தனை வருடம் செல்லுமோ,
இவையும் இருக்கட்டும் அதில்.