பத்துக்கு எத்தனை

எடைமேடை ஜன்னல் என் வலதுபக்கம்.
பதினாறு வருசம் கழுத்தை அந்தப் பக்கமே திருப்பி
வேலந்தாவளம் போகும் லாரிகளின் நம்பர் படித்தேன்.
எம்சாண்ட், ஜல்லி, கோழித்தீவனம்,
ஓணத்துக்கு முந்தின வாரம் வாழைத்தார்.
ஒருநாள் கழுத்து திரும்பியது,
திரும்பி வரவில்லை.

கொழிஞ்சாம்பாறை வைத்தியசாலையில்
குப்புறப் படுக்க வைத்து
இடுப்பின்மேல் உளுந்துமாவில் வளையம் கட்டி
அதற்குள் சூடாக எண்ணெய் ஊற்றினாள் ஷைலஜா.
பிடரிக்கு இன்னொரு வளையம்.
"அனங்கல்லே அக்கா, எண்ணெய் ஒழுகும்."
முழங்கையில் ஈ உட்கார்ந்தது.
முக்கால் மணி நேரம் அது என்னைச் சுற்றிப் பார்த்தது.
பிறகு டாக்டர் கேட்டார்,
வலி பத்துக்கு எத்தனை?
ஏழு என்றேன்.
எட்டுதான். எட்டுக்கு ஊசி போடுவாரோ என்று பயம்.

க.க.சாவடி தாண்டிப் பழைய தீவனக் கிடங்கில்
தகரம் மட்டும் மாற்றி
பத்து மீட்டருக்கு ஐந்து தடம் போட்டிருந்தான் நியாஸ்.
தம்பி மகளைக் கொண்டுபோய் விட்ட இடம்.
நாற்காலி இருந்தது. எனக்குத்தான்
இருபது நிமிசத்துக்கு மேல் உட்கார ஆகாது.
சுவரோரம் நின்றேன், ஒரு வாரம், இரண்டு வாரம்.
"சும்மா நிக்கறதுக்கு இதைப் புடிச்சுட்டு நில்லுங்கக்கா."

காற்றுக் கைத்துப்பாக்கி.
ஒரு கிலோவுக்கு முப்பது கிராம் குறைவு.
எடையை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
பக்கவாட்டில் நிற்கணும், கையை நீட்டணும்,
தலையை வலதுபுறம் திருப்பணும்.
அதே வலதுபுறம்.
சிரித்துவிட்டேன்.
சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடக்கும்.
பிடியின்மேல் இருக்கின்றனவா என்று
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.
முன்குறி கூர்மையாகத் தெரிய வேண்டும்,
தூரத்துக் கறுப்பு வட்டம் மங்கிக் கிடக்கலாம்.
மங்கினதை நம்பிச் சுட வேண்டும்.
இதற்கு எனக்கு மூன்று மாசம் ஆனது.

லாரி காலியாக வரும்போது ஒருமுறை மேடை ஏறும்.
அது வண்டியின் சொந்த எடை.
அதைக் கழித்தால்தான் சரக்கு எவ்வளவென்று தெரியும்.
காலையில் ஒருக்களித்துப் புரண்டு, கையூன்றி எழும்போது
இன்றைய காலி எடை இவ்வளவு என்று குறித்துக்கொள்கிறேன்.
சில நாள் வண்டியே அவ்வளவுதான்,
மூட்டை ஒன்றுகூட ஏறாது.
அன்று துப்பாக்கியைத் துடைத்து வைப்பதோடு சரி.

ஆடியில் போட்டி.
கணவாய்க் காற்று தகரத்தைப் பிடித்து உலுக்கியது,
குறி அட்டைகள் கிளிப்பில் துடித்தன.
நாற்பது குண்டு, ஒரு மணி நேரம்.
கடைசிக் குண்டுக்குக் கை ஏறியபோது
பிடரியிலிருந்து ஒரு கம்பி
முழங்கை வழியாகக் கீழே ஓடியது.
இறக்கினேன்.
ஏற்றினேன். இறக்கினேன்.
பக்கத்துத் தடத்துப் பையன் முடித்துவிட்டு
தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.
மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினேன்.

எழுந்து நின்றால் முதலாளி பார்ப்பார்.
பந்தியில் பாதியில் எழுந்தால் சம்பந்தி பார்ப்பாள்.
பஸ்ஸில் சீட்டை விட்டு எழுந்தால்
கண்டக்டர்கூட என்னம்மா என்பார்.
இங்கே இறக்குவதற்கு மார்க் குறைப்பதில்லை,
யாரும் தலை திருப்புவதுமில்லை.

நான்காம் முறை
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன்.
கம்பி போகவில்லை.
இருக்கட்டும் என்று முன்குறியை மட்டும் பார்த்தேன்.
எப்போது அழுத்தினேன் என்று தெரியாது.

நியாஸ் அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தான்.
"எத்தனை?"
"ஏழுதானுங்க்கா."
இந்த முறை நிஜ ஏழு.

அன்று ராத்திரி ஷிப்ட்.
லாரி வராத ஒரு மணிக்கு
செருப்பைக் கழற்றிவிட்டு எடைமேடையில் ஏறி நின்றேன்.
அது பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
வெளிப்பலகையில் சிவப்பாக அறுபது எரிந்தது.
அதில் எது வண்டி, எது சரக்கு.
சீட்டு அடிக்காமல் இறங்கி
இடதுபக்கம் கழுத்தை மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
இத்தனை வருசமாக ஒரு டயர் பஞ்சர் கடை இருந்திருக்கிறது.