சைபர்கள் உதிர்ந்த வாரம்

டிசம்பர் கடைசியில் ஃபேக்ஸ் வந்தது,
சுருண்டு, இளஞ்சூடாக.
ஜனவரி முதல் எல்லா பில்லும் யூரோவில் வேண்டுமாம்.
லிராவை எதால் வகுப்பது என்றும் போட்டிருந்தார்கள்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு
புள்ளி இரண்டு ஏழு.
முதலாளி அந்தப் புள்ளியில் விரலை வைத்து
"இத உட்டுட்டா என்னம்மா ஆவும்?" என்றார்.
நஷ்டம் ஆகும் சார் என்றேன்.
யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

பர்கூரிலிருந்து ஜெகதேவி போகிற ரோட்டில்
தகரம் போட்ட ஆபீஸ்.
பின்னால் பாலிஷ் மிஷின்.
கல் அரைத்த தண்ணீர் பாலாக ஓடி
காம்பவுண்டுக்கு வெளியே ஊமத்தஞ்செடியை
வெள்ளையடித்து வைத்திருக்கும்.
நான் லெட்ஜரைப் பிரித்து உட்கார்ந்தேன்.
கன மீட்டர் பதிமூன்று லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம் என்று
இரண்டு கட்டம் தாண்டி நான் எழுதியிருந்த கல்
அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு ஆனது.
எட்டிப் பார்த்தேன்.
யார்டில் அதே கல்,
சிவப்புப் பெயிண்டில் அதே நம்பர்,
உச்சியில் ஒரு ஓணான்,
எதற்கோ சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு.

நாலாம் நாள் கிரேன் ஓட்டும் திம்மராயன் வந்தான்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையெல்லாம் கிரீஸ்.
"லிரா செல்லாதுன்றாங்களே, நெசமா?"
உனக்கென்னய்யா லிராவைப் பற்றி என்றேன்.
தொண்ணூற்றெட்டில் கல் பார்க்க வந்த இத்தாலிக்காரர்
பிளாக்கை மூலை உடையாமல் இறக்கியதற்கு
அவன் கையில் ஒரு நீல நோட்டைத் திணித்தாராம்.
பத்தாயிரம்.
அன்றைக்கு ராத்திரி அவன் தூங்கவில்லையாம்.

தட்டினேன், தாளில் எழுதிக் காட்டினேன்.
ஐந்து யூரோ பதினாறு.
நாற்பத்து மூன்றால் பெருக்கினால்
இருநூற்று இருபத்தொன்று ரூபாய் எண்பத்தெட்டு காசு.
அதுவும் பிப்ரவரிக்குள்,
அதுவும் கிருஷ்ணகிரி பேங்கில் வாங்கமாட்டார்கள்.
நோட்டை எடு பார்ப்போம் என்றேன்.

"எங்கிட்ட எங்க இருக்குது?"
மகளுக்கு மஞ்சக்காமாலை வந்தபோது
சென்றாயனிடம் கொடுத்து ஐந்நூறு வாங்கியிருக்கிறான்.
சென்றாயன் போருக்கு மோட்டார் கட்ட
அதை மாரக்காவிடம் தள்ளியிருக்கிறான், ஐந்நூறுக்கு.
மாரக்கா கெம்பனிடம்.
கெம்பன் சீட்டு கட்ட முடியாமல் மறுபடி சென்றாயனிடம்.
ஒருவரும் திருப்பி மீட்டதில்லை.
வட்டி இல்லை. எழுத்து இல்லை.
மூன்று வருஷமாக லோடிங் ஆட்கள் பதினோரு பேருக்குள்
அந்த நீல நோட்டு
ஐந்நூறாகவே சுற்றியிருக்கிறது,
ரோமாபுரிக்குத் தெரியாமல்.

சொல்லிவிடு அவர்களிடம் என்றேன்.
வெளியே போய்ச் சொன்னான். ஜன்னல் வழியே பார்த்தேன்.
பீடி பற்றவைத்தார்கள்.
கெம்பன் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.
திரும்பி வந்த திம்மராயன்
என் தாளை மடித்து மேசை மேலேயே வைத்தான்.
"அங்க செல்லாட்டி போவுது மேடம்.
நம்ம கிட்ட செல்லுது."

மார்ச்சில் இத்தாலியிலிருந்து பணம் வந்தது,
சுத்தமாக, சைபர் இல்லாமல்.
முதலாளி புது கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தார்.

மே மாதம், மாங்காய் லாரிகள் ரோட்டை அடைத்த ஒரு மத்தியானம்,
மாரக்கா வந்து நின்றாள்.
பையன் பாலிடெக்னிக், ஐந்நூறு குறைகிறது.
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
நான்காக மடித்து, மடிப்பில் செலோடேப் ஒட்டி,
பொயிலை வாசம் அடித்தது நோட்டில்.

எனக்குத் தெரியும் அதன் விலை. காசு வரைக்கும் தெரியும்.
நானே போட்ட கணக்கு.
பர்ஸைத் திறந்து ஐந்நூறு கொடுத்தேன்.

இப்போது அது என் டிராயரில்,
குண்டூசி டப்பாவுக்குக் கீழே.
அடுத்த மாதம் எனக்கும் வாடகை முட்டும்.
கெம்பனைக் கேட்டு வைத்திருக்கிறேன்.