குடும்பிமலை வீதி, நாற்பத்தொராவது லோடு

கிரான் பாலம் தாண்டி நாலாம் கட்டையில்
தகரக் கொட்டிலுக்குள் என் வேலை.
கல்லோடு வரும் டிப்பர்களை எண்ணுவது.
நம்பர், நேரம், எத்தனை கியூப், கையெழுத்து.
தகரம் கொதிக்கிற நேரத்தில்
அளவுக்கார வென் லியாங் நிழலுக்கு வருவார்.
அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது.
சிங்களத்தில் பேசிக்கொள்வோம்.
அவர் கம்பனியில் பழகினது.
நான் எங்கே பழகினேன் என்று அவர் கேட்டதில்லை.

அன்று திரிபோஷ பாக்கெட்டை உடைத்துச்
சீனி போட்டு, தண்ணீர் தெளித்து உருட்டினேன்.
ஒரு உருண்டையை வாங்கி மணந்தார்.
வாயில் வைக்கவில்லை.
"அப்பா," என்றார். "கொரியா. யுத்தம்."
தோளுக்குக் குறுக்கே ஒரு பையைக்
காற்றில் கட்டிக் காட்டினார்.
அதற்குள் வறுத்த மா.
ஒரு வாய் மா, ஒரு வாய் பனி.
விழுகிற பனிக்குச் சிங்களச் சொல் இருவரிடமும் இல்லை.
ஐஸ்கிரீம் பெட்டியின் உள்சுவரைச் சுரண்டினால் வருமே,
அது, மலை முழுக்க, என்றார்.
நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

சௌ குவேலின். இருபத்தொரு வயது.
பருத்தித் துணிச் சப்பாத்து.
எண்ணெய் உறைந்து துவக்கு சுடாத ஒரு மாரி.
பிடிபட்டது அப்போதல்ல,
பனி கரைந்து பூப் பூத்த பிறகு.
பின்வாங்கச் சொன்ன உத்தரவு
அவர் நின்ற பள்ளத்துக்கு வந்து சேரவில்லை.
ஐந்து நாள் புல் தின்றார். ஆறாம் நாள் கையைத் தூக்கினார்.
பெயர் கேட்டபோது வேறு பெயர் சொன்னார்.

அது எனக்கு விளங்கியது.
அடையாள அட்டையில் நான் யோகமலர்.
மற்றப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள்
வெருகல் மணலுக்குக் கீழே.

தீவொன்றில் முகாம்.
ஒரு இரவு நாலு பேர் அமத்திப் பிடிக்க
அவர் கையில் ஊசியால் எழுதினார்கள்,
ஊருக்குத் திரும்ப விடாத எழுத்து.
"எதிரியா எழுதினது?" என்றேன்.
"இல்லை," என்றார். "ஒரே பாஷைக்காரர்."

டிப்பர் வந்தது. நாற்பது. கொட்டிவிட்டுப் போனது.
தூசி அடங்கும்வரை இருவரும் கதைக்கவில்லை.

கடைசியில் ஒரு கூடாரம், இரண்டு வாசல்.
ஒன்று இன்னொரு தீவுக்கு, மற்றது வீட்டுக்கு.
முதல் நாளிரவே சவர பிளேட்டால்
எழுத்தைத் தோலோடு கிண்டி எடுத்துவிட்டு
வீட்டு வாசலால் போனார்.
வீட்டில் கேட்டார்கள், ஒரு வருஷம்:
இந்தக் குழியில் என்ன இருந்தது?
ஏன் செத்துப்போகவில்லை?
பிறகு ஒரு பன்றிப் பண்ணை.
பிறகு கலியாணம், மகன்.
மகன் போன பள்ளிக்கூடங்களுக்கெல்லாம்
அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்த ஒரு ஃபைல்.

எங்களையும் ஒரு நாள் வரிசையில் விட்டார்கள்.
வன்னிக்குப் போறவை இந்தப் பக்கம்,
வீட்ட போறவை அந்தப் பக்கம்.
கூடாரம் இல்லை, ஒரு நாவல் மரம்.
நான் அந்தப் பக்கம் போனேன்.
என்னோடு ஒரே கோப்பையில் தின்றவள் இந்தப் பக்கம்.
பத்து நாள் கழித்து இரண்டு பக்கமும் சுட்டது.
இதை அவருக்குச் சொல்லவில்லை.
சொல்ல எனக்குச் சிங்களம் போதும்.
அந்தச் சிங்களம்
இதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினதுதான்,
வெலிக்கந்தையில், ஒரு மேசைக்கு முன்னால்.
இப்பவும் மாதம் ஒருக்கா மோட்டார்சைக்கிளில்
ஒருவர் வந்து, அதே கேள்விகளைத்
தேநீர் குடித்துக்கொண்டு கேட்கிறார்.

வென் லியாங் தூரத்தைக் காட்டினார்.
வெயிலுக்குள் குடும்பிமலை, முடிச்சுப் போட்டபடி.
"வீதி அதுவரைக்கும் போகும். நீங்கள் போயிருக்கிறீர்களா?"
"விறகுக்கு," என்றேன்.

என் முழங்கையைப் பார்த்தார்.
நான் சட்டைக் கையை இழுத்துவிட்டேன்.
அவர் தன் கருவியின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்,
துடைத்ததையே மறுபடி.

நாற்பத்தொன்று வந்தது.
நேரம் எழுதினேன். கியூப் எழுதினேன்.
கையெழுத்தில் பேனை கொஞ்சம் நின்று
பிறகு போனது.

நிமிர்ந்தபோது உருண்டை அவர் வாய்க்குள் இருந்தது.
மெல்ல மென்று விழுங்கினார்.
"சீனி கூட," என்றார்.