மைனஸ் அரை டிகிரி

சான் அந்தோனியோவில் அலை ஏறிவிட்டது.
துறைமுகம் மூடல் என்று வயர்லெஸ் கரகரத்தது, அவ்வளவுதான்.
கிரேன்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.
கப்பல்கள் வெளியே, இருட்டில், விளக்குகளாக மட்டும்.

ஒர்தென்சியாவுக்கு விடுப்பில்லை.
குளிர்பெட்டிகளின் சந்துகளில் நடக்கிறாள்,
டார்ச் வெளிச்சத்தில் எண்களைப் படித்தபடி.
பெட்டிக்கு இருபது டன் செர்ரி
மைனஸ் அரை டிகிரியில் மூச்சடக்கிக் கிடக்கிறது.
சீனப் புத்தாண்டுக்குள் போய்ச் சேர வேண்டும்.

நான்காம் அடுக்கில் ஓர் எண் நழுவுகிறது.
இரண்டு.
மூன்றரை.
சுவிட்சை அணைக்கிறாள், பிளக்கைப் பிடுங்கித் துடைத்துச் செருகுகிறாள்,
பிறகு கையேட்டில் இல்லாத ஒன்று:
உள்ளங்கையால் ஓர் அறை.
உறுமிக்கொண்டு எழுகிறது மோட்டார்.
2.40, சரி, என்று எழுதுகிறாள்.

இந்தப் பழம் அவள் தம்பி பறித்ததாகவும் இருக்கலாம்.
குரிக்கோவில், கூடைக் கணக்கில் கூலி.
வாயில் போட்டால் பிடித்தம்.
டிசம்பர் முழுக்க அவன் நகக்கண் சிவந்திருந்தது;
வீட்டில் தின்றதென்னவோ தர்பூசணி.

விடியலில் மேடைப்பக்கம் வருகிறாள்.
முந்நூற்று அறுபது மீட்டர் கப்பலுக்கு ஒதுக்கிய இடத்தில்
ஒரு கடல்சிங்கம்
கயிறு கட்டும் இரும்பு முளையில் தலைவைத்துக்
குறட்டை விடுகிறது.
துறைமுகக் கட்டணம் கேட்க ஆளில்லை.

அவளும் கேட்கவில்லை.
சுற்றிக்கொண்டு போகிறாள்.