சனிக்கிழமை நாலரை மணி

புரசைவாக்கத்தில் ஒரு சந்து, அதில் எங்கள் விளக்குக் கடை.
தொங்குபவை நாற்பத்திரண்டு.
தொடாதீர்கள் என்ற அட்டைக்குக் கீழே
காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை
நான் நிற்கிறேன்.
உட்கார உரிமை உண்டென்று சட்டம் வந்துவிட்டது.
மூன்று பேருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது.

மேல்மாடிக்குக் குடிவந்தது பாலே வகுப்பு.
முதல் சனிக்கிழமை
கூரைமேல் மூட்டை பிரித்துத் தேங்காய் கொட்டிய சத்தம்.
நாற்பத்திரண்டும் சேர்ந்து கிலுகிலுத்தன.
முதலாளி தெருவில் இறங்கி
அண்ணாந்து திட்டிவிட்டு வந்தார்.
வாடகைப் பத்திரத்தில்
குதிப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ரொவீனா மிஸ்ஸின் குரல் மட்டும் படியிறங்கி வரும்:
புளியே… மறுபடி, புளியே…
யாரை இப்படிப் புளி என்கிறாள் என்று
நானும் பில் போடும் தமீமாவும் ஒரு மாதம் சிரித்தோம்.
முட்டியை மடக்குவதாம் அது,
முதுகை மடக்காமல்.
சொன்னவள் ஹெப்சிபா. ஒன்பது வயது.
அம்மாவின் ஸ்கூட்டர் வரும்வரை
எங்கள் கல்லா மேஜையின் விளிம்புதான் அவளுக்குப் பிடி.
"அக்கா, இன்னிக்கு எத்தனை ஆடிச்சு?"

முப்பத்தொன்று.
அடுத்த வாரம் முப்பது.
மழைக்கு லீவு விட்ட வாரத்தின் பூஜ்யத்தை
நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.
ஒருநாள் முப்பத்தைந்துக்கு ஏறியது,
புதுசாய் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள்.
விரல் முதலில், பிறகு பாதம், கடைசியில் குதிகால்:
டீயில் வரிக்கி முக்குவது போல இறங்கணும் அக்கா,
உடையக் கூடாது.

அவர்களுக்கெல்லாம் ஆசை ஒன்றே ஒன்று.
நுனி கெட்டித்த அந்த சாட்டின் ஷூ.
கேட்டால், மிஸ் கணுக்காலை அமுக்கிப் பார்த்து
எலும்பு இன்னும் பச்சை என்கிறாளாம்.
மாங்காயா என்று கேட்டேன்.
ஹெப்சி சிரிக்கவில்லை.
இன்னும் இரண்டு வருஷம் என்றாள்,
ஜாமீன் மறுக்கப்பட்டவள் மாதிரி.

பதினோரு வருஷமாய் நிற்கிறேன்.
என் எலும்பை யாரும் அமுக்கிப் பார்த்ததில்லை.

மூன்றாம் வருஷம், தள்ளுபடிக் கூட்டத்தின் நடுவே
சட்டென்று அண்ணாந்தேன்.
ஆடி மாதம். ஒன்றும் ஆடவில்லை.
காலி செய்துவிட்டார்களோ என்று காதைக் கூர்மையாக்கினால்
பியானோ கேட்கிறது,
மிஸ் எண்ணுவது கேட்கிறது,
கால்கள் மட்டும் கேட்கவில்லை.
வியர்வையோடு இறங்கி வந்தவளிடம்
பூஜ்யம் என்றேன்.
நம்பாமல் தானே ஒருமுறை எண்ணினாள்,
விரல் நீட்டி, நாற்பத்திரண்டு வரை.

போன சனிக்கிழமை,
தொம்.
கொஞ்சம் இடைவெளி. மறுபடி தொம்.
இரண்டு வருஷமாய் விற்காத மூன்றடுக்குக்காரி,
பதினெட்டாயிரத்து ஐந்நூறு,
ஊஞ்சலாய்ப் போனாள்.
செருப்பைக்கூடப் போடாமல் மாடியேறி ஓடினேன்.
முதல்முறை.

கறுப்புப் பாயில் ஒன்பது பிள்ளைகள் கிடந்தார்கள்.
யாரும் அழவில்லை.
எபின் என்ற பையன் கூரையைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான்.
"தரையோட சண்டை போடாதே" என்றாள் மிஸ்,
"உன் கனத்தை அதுகிட்டக் கொடு. எழுந்திரு. மறுபடி."
கன்டெம்ப்ரரியாம்.
சத்தமில்லாமல் இறங்க மூன்று வருஷம் பழகியவர்களுக்கு
இப்போது விழுகிற பாடம்.

வாசலில் என்னைப் பார்த்த ஹெப்சி
எனக்காக ஒருமுறை விழுந்தாள்.
இடுப்பு, தோள், நீண்டு வழுக்கிய கை;
கொடியிலிருந்து ஈரப்புடவை நழுவியது மாதிரி.
எங்கும் இடிக்கவில்லை.
ஆனால் கேட்டது.

கீழே இறங்கினால் ஒரு வாடிக்கையாளர்
மூன்றடுக்குக்காரியை முறைத்துக்கொண்டு நிற்கிறார்.
"ஃபிட்டிங் சரியில்லையாம்மா? இந்த ஆட்டம் ஆடுது?"
ஃபிட்டிங் நல்லா இருக்கு சார்,
மேலே பிள்ளைங்க விழுறாங்க என்றேன்.
"ஐயையோ!"
இல்லை சார். நல்லா விழுறாங்க.

ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தார்.
பிறகு
தொண்ணூறு ரூபாய்க்கு
ஒரு பச்சை நைட் லாம்ப் வாங்கிப் போனார்.